வார்டிலிருந்து வாசல்வரை

இதய நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியபின் வரும் சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மாத்திரைக் குழப்பம். இதயநோய்ப் பிரிவில் டிஸ்சார்ஜ் ஒருங்கிணைப்பைக் கவனிக்கும் செவிலியர்கள் பதில் சொல்கிறார்கள். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறோம்: இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது உங்கள் டாக்டர் செய்ய வேண்டியது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இதயச் செயலிழப்பு என்று சொல்லி 9 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த 10ஆம் நாள் ராத்திரி மூச்சுத்திணறி மறுபடி சேர்த்தோம். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. எங்கே தப்பு நடந்திருக்கும்?
வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் அந்தப் பெயர். ‘செயலிழப்பு’ என்றதும் இதயம் நின்றுபோனதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது, அதனால் உடம்பில் உப்பும் நீரும் தேங்குகின்றன, அவ்வளவுதான் அதன் பொருள். வார்டில் இருந்தபோது நீரை வெளியேற்றும் மருந்து ஊசியாகப் போயிருக்கும், சாப்பாடும் உப்புக் குறைத்து வந்திருக்கும். வீட்டில் அதே மருந்து மாத்திரையாகிறது, சாப்பாடு பழையபடி ஆகிறது. நீர் ஒரே ராத்திரியில் சேர்வதில்லை. மூச்சுத்திணறல் வருவதற்குப் பல நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும். அதை முதலில் காட்டுவது எடை மெஷின். 1 லிட்டர் நீர் தங்கினால் 1 கிலோ ஏறும்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மெஷினைப் பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். சிமென்ட் தரையோ டைல்ஸோதான் சரி. டிஸ்சார்ஜ் அன்று இருந்த எடையை முதல் வரியில் எழுதி, அதன்கீழ் தினமும் எழுதிவாருங்கள். (தினசரிக் காலண்டரில் குறிக்காதீர்கள். மறுநாள் கிழித்துவிடுவீர்கள்! மாதக் காலண்டர் போதும்.) ஒரே நாளில் 1 கிலோவுக்குமேல், அல்லது 3 நாளில் 2 கிலோ ஏறினால், மூச்சு வாங்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ஓ.பி. நாள் வரட்டும் என்று காத்திருக்கும் இடைவெளியில்தான் பலர் மறுபடி கேஷுவால்ட்டிக்கு வருகிறார்கள். படுக்கும்போது ஒரு தலையணை இரண்டாக ஆவது, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வது, காலில் செருப்பு வார் பதிந்து நிற்பது எல்லாம் அதே சங்கதிதான். ஆனால் பெரும்பாலும் எடைக்குப் பின்னால்தான் இவை வரும்.

அடுத்தது உப்பு. பொதுவாக ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இதில் இட்லி மாவு, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் அடக்கம். காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் அந்த ஒரு டீஸ்பூனை எடுத்துவைத்து, அப்பாவின் பங்கை உப்புப் போடும்முன் தனியாக எடுத்து, டப்பாவிலிருந்து மட்டும் போட்டுப் பாருங்கள். முதல் வாரத்திலேயே கணக்குப் புரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வடகம், பேக்கரி ஐட்டம் எதற்கும் அந்த டப்பாவில் இடமிருக்காது. இந்துப்பு நல்லது என்று யாராவது சொல்வார்கள், அதுவும் சோடியம்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ இன்னும் ஆபத்தாகலாம். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் இருக்கும். அப்பா ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும் ஒரு நீர் மாத்திரை) சாப்பிடுபவராக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். தெம்புக்கென்று தினம் இளநீர் கொடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு.

தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் (பெரும்பாலும் 1.5 முதல் 2 லிட்டர்) காபி, கஞ்சி, ரசம், மோர் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். எளிய வழி: அந்த அளவுக்குக் காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிவையுங்கள். வேறு எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

ஒரு கேள்வியை நீங்களே வீட்டில் கேட்டுப்பாருங்கள்: இடையில் முட்டிவலிக்கு மாத்திரை போட்டாரா? டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் தடுக்கும். ‘மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை’ என்கிற வீடுகளில் பல சமயம் காரணம் இந்தக் கூடுதல் மாத்திரைதான். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம்.

கேள்வி: அம்மாவிடம் இப்போது மூன்று கவர் மாத்திரை இருக்கிறது. வீட்டுக்கே வந்து தரும் பழைய பி.பி. மாத்திரை, ஆஸ்பத்திரியில் கொடுத்தது, அது தீர்ந்ததும் மருந்துக்கடையில் ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று மாற்றிக் கொடுத்தது. எல்லாவற்றையும் போடலாமா?
வாசகர், விருத்தாசலம்

பதில்: கூடாது. இன்றைக்கே உட்கார்ந்து பிரியுங்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், ஃபிரிட்ஜ் மேலே கிடப்பது, பர்ஸில் இருப்பது உட்பட, ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன்கீழ் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அதை டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். சம்மரியில் இருப்பது ஒரு குவியல், இல்லாதது இன்னொன்று, சந்தேகமானது மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் அம்மா கையில் படாமல் எடுத்துவைத்துவிட்டு, வார்டு சிஸ்டரையோ டாக்டரையோ கேளுங்கள்.

நாங்கள் அடிக்கடி பார்க்கும் இரட்டிப்புகள் இவை. எக்கோஸ்பிரின் கோல்டு என்ற ஒரே மாத்திரையில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் உண்டு. அதோடு தனியாக குளோபிடோக்ரலும் போட்டால் ரத்தக்கசிவு. லாசிலாக்டோனில் ஃபுரோசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தே இருக்கின்றன. அதே மருந்துகளான பழைய லாசிக்ஸையும் (ஃபுரோசமைடு) ஆல்டக்டோனையும் (ஸ்பைரோனோலாக்டோன்) கூடவே விழுங்குபவர்கள் உண்டு. நீர் மாத்திரைகளில் டைட்டார், டைட்டார் பிளஸ் இரண்டும் ஒன்றல்ல. பிளஸ்ஸில் ஸ்பைரோனோலாக்டோன் கூடுதல். பழைய பி.பி. மாத்திரை அட்டெனோலால், ஆஸ்பத்திரி எழுதியது மெட்டோப்ரோலால் என்றால் இரண்டும் ஒரே வகை. சேர்த்துப் போட்டால் நாடி 50க்குக் கீழே இறங்கித் தலைசுற்றி விழலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இது: இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் புதிதாக எழுதியிருந்தால், எனாலாப்ரில், ரேமிப்ரில் போன்ற பழைய மாத்திரையை அறவே நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்கும் புதியதற்கும் நடுவே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்ந்து போனால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் புதிய சம்மரியின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எதை நிறுத்தினார்கள் என்பது யாரும் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. பழைய பட்டியல்படி கொண்டுவந்து கொடுப்பது அவர் தப்பு இல்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரையே கிடையாது. டாபாக்லிஃப்ளோசின் எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் ‘இது சுகர் மாத்திரை’ என்றார். நிறுத்திவிட்டேன். சரிதானே?
வாசகர், ஆம்பூர்

பதில்: சரியில்லை. சர்க்கரைக்காக வந்த மருந்துதான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பலன் தருவது பின்னர் தெரியவந்தது. எம்பாக்லிஃப்ளோசினும் அப்படியே. எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, முழுநாள் விரதம் என்றால் அன்றைக்கு இதையும் நீர் மாத்திரையையும் என்ன செய்வதென்று போன் செய்து கேட்டபின் போடுங்கள்.

கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆனவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு ரெஜிஸ்டர், ஒரு செல்போன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகி, பெயர் வேண்டாம்

பதில்: ரெஜிஸ்டரும் போனும் போதும், ஆரம்பிக்கலாம். இது நர்ஸுகளின் கையிலேயே வளர்ந்த வேலை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயது தாண்டிய இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நர்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர், தாமே ஒரு செவிலியர், வார்டில் பார்த்த அதே நர்ஸ் வீட்டிலும் தொடர்ந்து பார்க்கும் முறையை 1999இலும் 2004இலும் சோதித்து வெளியிட்டார். மறுபடி அட்மிட் ஆவது குறைந்தது என்பதுதான் இவற்றில் வந்த முடிவு.

அட்மிஷன் அன்றே தொடங்குங்கள். கையெழுத்துப் போடும் மகனைவிட, வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதே முக்கியம். பல வீடுகளில் அது மருமகள், அல்லது எட்டாவது படிக்கும் பேத்தி. அவரை ஒரு முறையாவது வார்டுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். ஒன்று வீட்டிலேயே இருக்கும் போனாக இருக்கட்டும். அங்கேயே உங்கள் வார்டு போனிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டு, ‘ஹார்ட் வார்டு சிஸ்டர்’ என்று சேமிக்க வையுங்கள். தெரியாத நம்பரை யாரும் எடுப்பதில்லை. இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் வீணாகும் போன்கள் ஏராளம்.

டிஸ்சார்ஜ் அன்று எதையும் சொல்லிக் கொடுக்க முயலாதீர்கள். காப்பீட்டு ஒப்புதல், பில், வண்டி என்று அவர்கள் மனம் அங்கே இருக்காது. முந்தின நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், 15 நிமிடம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சிஸ்டர்’ என்றுதான் பதில் வரும். ‘வீட்டுக்குப் போனதும் இதை உங்க மருமககிட்ட எப்படிச் சொல்வீங்க, எங்கிட்ட ஒரு தடவ சொல்லுங்க’ என்று கேளுங்கள். தப்பாகச் சொன்ன இடத்தை மட்டும் மறுபடி சொன்னால் போதும். 1-0-1 (காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று) என்பதை ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். கூடவே தமிழில் ஒரே பக்கத்தில் ஒரு தாள் வேண்டும். நோய் என்ன என்று ஒரு வரி. டிஸ்சார்ஜ் எடை, பி.பி., நாடி. ‘மாத்திரை, எதற்கு, எப்போது, புதியதா பழையதா’ என்று நான்கு கட்டம். ரத்தப் பரிசோதனைத் தேதி, ஓ.பி. தேதி, கிழமை, அறை எண், உங்கள் நம்பர். இவற்றோடு ‘நிறுத்தப்பட்ட மாத்திரைகள்’ என்று தனிக் கட்டம், சிவப்பு மையில். எங்களைக் கேட்டால் அந்தத் தாளில் அதிகம் உயிர் காப்பது அந்தக் கட்டம்தான். மாத்திரையை நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் வேறு கம்பெனிச் சரக்கு வரும், நிறம் மாறும்.

கிளம்பும் முன்: மாத்திரை கையில் இருக்கிறதா, படுத்தும் நின்றும் பி.பி. பார்த்தாயிற்றா, வராண்டாவில் நடக்க வைத்துப் பார்த்தாயிற்றா, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியபின்னும் எடை ஏறாமல் நிற்கிறதா. கையில் குத்திய கேனுலாவை எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதோடு வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாரையும் ஒரே மாதிரி தொடர உங்களால் முடியாது. முயன்றால் இரண்டே வாரத்தில் ரெஜிஸ்டர் தூங்கிவிடும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, தனியாக வசிப்பவர், 6 மாதத்துக்குள் மறுபடி சேர்ந்தவர், இவர்களுக்குச் சிவப்புக் குறி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முதல் போன், பிறகு 7, 14, 30ஆம் நாள். மற்றவர்களுக்கு முதல் போன் மட்டும். அந்த முதல் போன் ஏன் அவ்வளவு சீக்கிரம்? ஆஸ்பத்திரி கொடுத்த சில நாள் மாத்திரை தீருவதும், பார்க்க வந்த மகள் ஊருக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். எடுக்காவிட்டால் மூன்று வெவ்வேறு நேரத்தில் முயலுங்கள். காட்டு வேலைக்குப் போகும் வீடுகளில் சாயங்காலம் 7 மணிக்குக் கிடைப்பார்கள்.

போனில் ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று வரும். அது பதிலே இல்லை. இன்று காலை எடை எவ்வளவு? ராத்திரி எத்தனை தலையணை? கெண்டைக்கால் எலும்புமேல் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஓ.பி.க்கு யார் கூட்டிவருகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பதில் வந்தால் அவர் வரப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு, அப்போதே வழி பேசுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், டாக்டரோடு உட்கார்ந்து எழுத்தில் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: 2 கிலோ ஏறினால் நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டச் சொல்லலாம், எத்தனை நாளுக்கு, மேல் பி.பி. 90க்குக் கீழே போனால் யாரைக் கூப்பிடுவது, எதற்கு உடனே வரச் சொல்வது. அது இல்லாமல் நீங்கள் செய்யும் போன் வெறும் நலம் விசாரிப்பாகிவிடும். நோயாளி சொன்னதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள். ஸ்பைரோனோலாக்டோனோ ரேமிப்ரில் வகையோ புதிதாகத் தொடங்கியவர்களுக்கு 1 முதல் 2 வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்த்தாக வேண்டும். 7 முதல் 14 நாளுக்குள் வரும் ஓ.பி.யோடு அதைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்.

கேள்வி: நான் துபாயில். அம்மா கிராமத்தில் தனியாக. ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்?
வாசகர், துபாய்

பதில்: ஐந்து சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டிலோ தெருவிலோ ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் அவர் நம்பரைக் கொடுங்கள். 7 நாள், வேளைக்கு ஒரு அறை உள்ள மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் அவர் நிரப்பட்டும். நீங்கள் தினமும் வீடியோ காலில் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் அதோடு எழுதிய இரண்டாவது ரத்த உறைதடுப்பு மாத்திரையும் தீர 5 நாள் இருக்கும்போதே அடுத்தது வாங்கியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அவை சில நாள் விட்டுப்போனாலே ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி அட்டாக் வரலாம்.

கேள்வி: மாமியாருக்குப் பைபாஸ் முடிந்து 12 நாள். எதையெல்லாம் செய்யவிடக் கூடாது?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: நெஞ்செலும்பை அறுத்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஒன்றுசேர 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரமும் ஆகும். 2, 3 கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், பேரக்குழந்தை எல்லாம் அதில் சேரும். வீட்டார் செய்யும் பெரிய தப்பு, அவர் எழும்போது கையைப் பிடித்து இழுப்பது. கையிழுத்தால் எலும்பு இழுபடும். அவரே ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு எழட்டும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் கை கொடுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை இழுக்கச் சொல்லுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறை வேண்டாம், பிளாஸ்டிக் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். மலச்சிக்கலுக்கும் டாக்டரிடம் மருந்து கேளுங்கள், முக்கக் கூடாது. டூவீலரில் பின்னால் உட்கார்ந்தும் போக வேண்டாம்.

நெஞ்சில் ‘டக்’கென்று எலும்பு அசையும் சத்தம், காயத்தில் சீழ், 38 டிகிரி செல்சியஸுக்குமேல் காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்டுங்கள். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் சற்று வீங்கும்; உட்காரும்போது உயர்த்தி வைத்தால் வடியும். காரணமில்லாமல் அழுதால் திட்டாதீர்கள், பலருக்கு வருவதுதான். 2 வாரம் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை எத்தனை வரை போடலாம்?
வாசகர், ஈரோடு

பதில்: முதலில் உட்காருங்கள், நின்றுகொண்டு போட்டால் மயங்கி விழலாம். 5 மில்லிகிராம் ஒன்று. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் 5 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டுவரை போடலாம். தலைசுற்றினாலோ பி.பி. குறைந்திருந்தாலோ வேண்டாம். வயாகரா வகை மாத்திரை (சில்டெனாஃபில்) போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் டடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் சார்பிட்ரேட் கூடவே கூடாது. வெட்கப்படாமல் 108 ஊழியரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக நேர்ந்தால் டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துச்செல்லுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் அங்கேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், முக்கியமாக அசிட்ரோம் என்ற ரத்த உறைதடுப்பு மாத்திரை.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து 4 மாதம். பல் பிடுங்க வேண்டும். பல் டாக்டர் ரத்தம் நிற்காது, 5 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்கிறார்.
வாசகி, நாமக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள். பல் ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டில் உறையும் ரத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. ஸ்டென்ட் கார்டை எடுத்துப்போய்ப் பல் டாக்டரிடம் காட்டி, அங்கிருந்தே உங்கள் இதய டாக்டருக்கோ பிரிவின் சிஸ்டருக்கோ போன் போட்டு இருவரையும் நேரடியாகப் பேச வையுங்கள். காலை நேரத்தில் தேதி வாங்குங்கள். கசிவு நீடித்தால் பகலிலேயே திரும்பிப் போய்க் காட்டலாம். பிடுங்கியபின் வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதினால் மாற்றிக் கேளுங்கள்.